சம்பளமில்லாத பெர்னடெட்

பெர்னடெட் ஹுடாக் தன் ஐம்பத்துநான்காம் வயதில் டன்மோர் கவுண்டி நீதிமன்றத்தின் படியேறினாள். அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் அதை அங்கே ஒருவரும் நம்பவில்லை.

வாசலில் பையைச் சோதித்த காவலர் அவளைப் பரிவோடு பார்த்தார்.

"எத்தனை மாசம்மா போட்டாங்க?"

"ஒரு பருவம்."

"அப்படி ஒரு தண்டனையை நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"தண்டனை இல்லீங்க. காலேஜ்ல அனுப்பியிருக்காங்க. நன்னடத்தை ஆபீஸ்ல இன்டர்ன்."

"சம்பளம்?"

"கிடையாது."

காவலர் பையைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் பரிவு இன்னும் கூடியிருந்தது.

நன்னடத்தை அலுவலகம் தரைக்குக் கீழே, கீழ்த்தளத்தில் இருந்தது. அதன் பின்வாசலில் ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒருவன் பனியை வழித்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் லோனி ப்ராகெட். கூரை வேய்கிறவன், ஒருமுறை கூரையிலிருந்து விழுந்து, வலிக்கு மாத்திரை போட்டு, வலி போன பிறகும் மாத்திரையை விடாமல், கடைசியில் கார் நிறைய மாத்திரையோடு பிடிபட்டவன். சிறைக்குப் பதில் நன்னடத்தைக் காவல் கிடைத்தது. மாதாமாதம் வந்து முகம் காட்ட வேண்டும், கூப்பிட்டபோது சிறுநீர் கொடுக்க வேண்டும், மாநில எல்லையைத் தாண்டக் கூடாது, சமூக சேவை என்று சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும்.

"நானும் சும்மாதான் வேலை செய்றேன், நீங்களும் சும்மாதான் வேலை செய்றீங்க" என்றான் லோனி, மண்வாரியை ஊன்றிக்கொண்டு. "நான் மாத்திரை வெச்சிருந்தேன். நீங்க என்னக்கா பண்ணீங்க?"

"காலேஜ்ல சேர்ந்தேன்."

"அடப்பாவமே!" என்றான் அவன். உள்ளபடியே வருந்தினான்.

ஏன் சேர்ந்தாள்? அதைச் சொல்லாவிட்டால் பெர்னடெட்டைச் சொன்னதாகாது. ஊர்ப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள் அவள். ஊரில் இரும்பாலை மூடியது, பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளியையும் மூடினார்கள். ஆனால் அவள் பரிமாறிய பிள்ளைகளின் பெயர்களை அவள் விடாமல் படித்துக்கொண்டுதான் இருந்தாள், செய்தித்தாளின் காவல்துறைப் பத்தியில். ஒவ்வொரு பெயரைப் படிக்கும்போதும் நினைத்துக்கொள்வாள்: 'ஐயோ, இந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு இன்னும் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்திருந்தால் இப்படி ஆகியிருப்பானா?'

நன்னடத்தை அதிகாரி ஆகிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அதற்குப் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு எல்லாப் பாடமும் முடித்தாயிற்று. மிச்சம் இந்தச் சம்பளமில்லாப் பயிற்சி ஒன்றுதான். பருவக் கடைசியில் அலுவலகத் தலைவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: தேர்ச்சி, அல்லது தோல்வி. அந்த ஒரு வார்த்தையில் அவளுடைய மிச்ச வாழ்க்கை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வார்த்தையை வாயில் வைத்திருந்தவர் வெண்டல் ஓஸ்ட்ரம். மீசையைக்கூட அளவுகோல் வைத்து வெட்டுகிறவர். முதல் நாளே அவளை நிற்க வைத்து விதிகளைச் சொன்னார்.

"நம்ம ஆளுங்களைத் தொடக் கூடாது. உங்க வீட்டு விலாசம் சொல்லக் கூடாது. அவங்களுக்கு எதையும் குடுக்கக் கூடாது, அவங்ககிட்டேருந்து எதையும் வாங்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்."

அவளுக்குப் புரிந்தது பணமும் சிகரெட்டும். 'எதையும்' என்ற சொல்லுக்குள் சாப்பாடும் அடங்கும் என்று, ஆயுளெல்லாம் கரண்டி பிடித்த எவளுக்காவது தோன்றுமா?

கணவன் ரூடி அதற்குமேல். ஆலையில் ஓய்வு பெற்றவன். சாயந்தரம் அவள் களைத்து வந்து விழுந்தால், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லுவான்: "ஊர்ல எல்லாரும் வேலைக்குப் போயிட்டு சம்பளத்தோட வர்றாங்க. நீ முதுகுவலியோட வர்றே."

"ஒருநாள் என் அருமை தெரியும் ரூடி."

"அதுக்குள்ள முதுகு போயிடும்."

அது மட்டும் என்றால் தாங்கியிருப்பாள். ஆனால் கொஞ்ச நாளாக ரூடி புதுப்புதுச் சட்டை போட ஆரம்பித்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து சாம்பல் நிறத்தைத் தவிர வேறு எதையும் உடம்பில் ஏற்றாத மனிதன், ஒருநாள் மஞ்சள், ஒருநாள் நீலம், ஒருநாள் கத்தரிப்பூ நிறம்! இந்த வயதில், இந்த மனிதனுக்கு, யாருக்காக இந்த அலங்காரம்? கேட்க வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே! கத்தரிப்பூ நிறச் சட்டையைத் துவைக்கும்போது அதில் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டாள். சாயம் போனது.

அலுவலகத்தில் அவளுக்கு முதலில் கிடைத்த வேலை நிறத் தொலைபேசி. காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. தினமும் விடியற்காலையில் அவர்கள் ஒரு எண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பதிவு செய்த குரல் அன்றைய நிறத்தைச் சொல்லும். தன் நிறம் வந்தால் போட்டது போட்டபடி ஓடிவந்து சோதனைக் கோப்பையில் சிறுநீர் கொடுக்க வேண்டும். ஓஸ்ட்ரம் பதிவு செய்தால், "இன்று நீலம்" என்பதோடு முடிந்துவிடும். கேட்டவனுக்குக் குளிர் எடுக்கும். ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டியது. முந்தின நாள் சாயந்தரமே பெர்னடெட்டைப் பதியச் சொன்னார்.

அவள் பதிந்தாள்: "வணக்கம் கண்ணுங்களா. இன்னிக்கு மஞ்சள். மெயின் ரோட்ல பனி உறைஞ்சு கிடக்கு, மெதுவா ஓட்டிட்டு வாங்க. காலையில ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. பயப்படாதீங்க. மஞ்சள் இல்லாதவங்க தூங்குங்க."

மறுநாள் ஓஸ்ட்ரம் கொதித்தார். "இது கோர்ட் லைன் மேடம்! தாலாட்டு லைன் இல்ல!"

ஆனால் அன்றைக்கு மஞ்சள்காரர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். அப்படி ஒரு அதிசயம் அந்த அலுவலகத்தில் நடந்ததே இல்லை. ஓஸ்ட்ரம் மீசையைத் தடவிக்கொண்டார். "சரி. நீங்களே பதியுங்க. ஆனா 'கண்ணுங்களா' வேண்டாம்." அவள் அதை 'செல்லங்களா' என்று மாற்றிக்கொண்டாள். விசித்திரம் என்னவென்றால், காவலில் இருப்பவர்களைவிட அதிகமான பேர் அந்த எண்ணைக் கூப்பிட்டார்கள். யார் அந்த வெளியாட்கள் என்று ஓஸ்ட்ரம் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

பனிக்காலம் முடியப்போகிற நேரம். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை எல்லோரும் வந்து முகம் காட்டும் நாள். கூடத்து பெஞ்சுகளில் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். சாப்பிடாமல் வந்தவர்கள் சள்ளென்று விழுவார்கள். பசியோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜனத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க பெர்னடெட்டுக்குக் கல்மனசா? அவளுடைய கை கரண்டியைத் தேடித் துடித்தது.

புதன்கிழமை இரவு உணவுக்குப் பின் மாவு பிசைந்தாள். அவள் குடும்பம் ஸ்லோவாக் குடும்பம். விசேஷம் என்றால் பூக்தி என்ற பன் இல்லாமல் நடக்காது. பஞ்சு போன்ற மாவுக்குள் இனிப்பை வைத்து வாயை மூடிச் சுட்டெடுப்பது. இனிப்பு என்றால் வேறென்ன? கசகசாவை அரைத்து, பாலில் வேகவைத்து, தேனும் எலுமிச்சைத் தோலும் சேர்த்த கறுப்புப் பூரணம்தான்.

இப்போது வாசகர்கள் கொஞ்சம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். நன்னடத்தை அலுவலகத்தின் கூடத்தில் ஒரு பெரிய சுவரொட்டி உண்டு. மேலே கசகசா தூவிய ஒரு வட்ட ரொட்டியின் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. கசகசா தின்றால் சோதனையில் அபின் என்று காட்டிவிடும், ஆகவே தின்னாதீர்கள். பெர்னடெட் அந்தச் சுவரொட்டிக்கு நேர் கீழேதான் தட்டுகளோடு நின்றாள்.

அவள் அதைப் படிக்காமல் இல்லை. படித்தாள், யோசிக்கவும் செய்தாள். 'இது மேலே தூவுகிற புள்ளிகளைச் சொல்கிறது. நம்முடையது உள்ளே இருக்கிறது. அதுவும் பாலில் வெந்தது. ஞானஸ்நானத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பாதிரியாரே சாப்பிடுகிறார். பாலில் வெந்தது எப்படிப் போதையாகும்?' உலகத்தில் வேறு எந்த இனத்து மனுஷிக்கும் இந்த யோசனை வந்திருக்காது. ஸ்லோவாக் வீட்டில் பிறந்தவளுக்கு வேறு யோசனை வந்திருக்காது.

தட்டுகள் காலியாயின. கூடத்தில் அன்று ஒரு சண்டைகூட இல்லை. லோனி மூன்று தின்றான்.

"அக்கா, நாளைக்கு எனக்குக் கடைசி நாள். ஜட்ஜ் முன்னாடி போய் நின்னா விடுதலை. சனிக்கிழமை என் மக கேஸிக்குக் கல்யாணம், பென்சில்வேனியாவுல. பத்து நிமிஷம் ஓட்டினா எல்லை. இத்தனை வருஷமா தாண்ட முடியல."

"அழாம சாப்பிடு. உள்ளே இருக்கறது சிந்துது பார்."

"என்னக்கா இது, பிளம் ஜாமா?"

"எங்க வீட்டுப் பக்குவம்" என்றாள் பெருமையோடு.

நீதிபதி யூஜின் பெட்ராக்குக்கு அவருடைய ஏவலர் இரண்டு எடுத்துப்போனார். ஓஸ்ட்ரம் வந்து, காலித் தட்டுகளைப் பார்த்து, "யார் இதுக்கு அனுமதி குடுத்தது?" என்று உறுமினார். அப்புறம் ஒரு தட்டில் மிச்சமிருந்த நான்கைப் பறிமுதல் செய்துகொண்டு கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது மீசையில் பன் மேல் தூவிய பொடிச் சர்க்கரை இருந்தது. எடை குறைக்க என்று அவருக்கு மனைவி கட்டிக் கொடுத்தனுப்புவது வெறும் முட்டைக்கோஸ். பாவம்.

சாயந்தரம் பெர்னடெட் மறுநாளுக்காகப் பதிந்தாள்: "செல்லங்களா, இன்னிக்குப் பச்சை."

வெள்ளி காலை பச்சைக்காரர்கள் வந்தார்கள். லோனியும் பச்சைதான். கோப்பையின் பட்டையில் கோடு தெரிந்தால் சுத்தம், தெரியாவிட்டால் ஆபத்து. முதல் கோப்பையில் அபினுக்கு நேரே கோடு இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது, லோனியுடையது. இல்லை. ஒரு பச்சைக்காரனுக்கும் இல்லை!

"என்னய்யா இது?" என்று ஓஸ்ட்ரம் அலறினார். "ஊர்ல புதுசா யாரோ சரக்கு இறக்கியிருக்கான்! மொத்தக் கூட்டமும் ஒரே ராத்திரியில கெட்டுப்போச்சு!"

"சார், என் மக மேல சத்தியம், நான் தொடல!" லோனியின் முகம் கோப்பையைவிட வெளுத்திருந்தது.

"எல்லாரும் அதைத்தான் சொல்வீங்க. ஆய்வகத்துக்கு அனுப்புறேன். முடிவு வர ரெண்டு வாரம். அதுவரைக்கும் உள்ளே."

"நாளைக்குக் கல்யாணம் சார்!"

மூலையில் கோப்பைகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த பெர்னடெட்டின் கண் மெல்ல உயர்ந்தது. சுவரொட்டியில் வட்ட ரொட்டி. அதற்குக் கீழே, நேற்று அவள் நின்ற இடம். பூமி பிளந்து அவளை விழுங்கியிருக்கலாம். அது கீழ்த்தளம், ஏற்கெனவே பாதி விழுங்கியிருந்தது.

சொன்னால் என்ன ஆகும்? விதியை மீறிய இன்டர்ன். தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை, இத்தனை வயதில் இரவெல்லாம் படித்ததெல்லாம் வீண். சொல்லாவிட்டால்? பன்னுக்குள் என்ன இருந்தது என்று அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பிளம் ஜாம் என்று போய்விடும். இரண்டு வாரத்தில் ஆய்வகமே உண்மையைச் சொல்லி லோனியை விட்டுவிடும். ஆனால் கேஸி? தகப்பன் கை இல்லாமல் தனியாகத் தேவாலயத்துக்குள் நடக்கும் அந்தப் பெண்? பெர்னடெட்டுக்கு நினைவு வந்தது. கேஸி ப்ராகெட். இரண்டாம் வகுப்பு. முன்பல் இல்லை. பட்டாணியை மட்டும் ஒதுக்கிவைப்பாள்.

லோனியை மேல்தளத்துக்கு அழைத்துப்போனார்கள். நீதிபதி மேடையில் உட்கார்ந்திருந்தார். ஓஸ்ட்ரம் தொண்டையைச் செருமிக்கொண்டு அபின், காவல் மீறல், சிறை என்று சொல்லச் சொல்ல, பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நிறுத்துங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். பெர்னடெட் எழுந்து நின்றிருந்தாள். கையில் இன்னும் ஒட்டாத பெயர்ச்சீட்டு.

"அவன்மேல தப்பு இல்லீங்க ஐயா. நான்தான் எல்லாருக்கும் குடுத்தேன்!"

நீதிமன்றமே மூச்சை இழுத்தது. வாசலில் பையைச் சோதித்த அதே காவலர் கைவிலங்கைத் தொட்டார். முதல் நாளே தான் சந்தேகப்பட்டது சரிதான் என்று அவர் முகம் சொன்னது.

"என்னத்தைம்மா குடுத்தே?" என்றார் நீதிபதி.

"பன்னுங்க ஐயா. உள்ளே கசகசா. பால்ல வேகவெச்சேன், ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

நீதிபதி பெட்ராக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் வீட்டிலும் அதே பக்குவம்தான். "அந்தக் கறுப்புப் பூரணமா? நான் ரெண்டு சாப்பிட்டேனே!"

"ஐயா, இது கட்டுக்கதை" என்று ஓஸ்ட்ரம் குறுக்கிட்டார். "ரொட்டி தின்னு ஒரு கூட்டமே மாட்டுமா? என் அனுபவத்துல பார்த்ததில்ல. இந்தம்மா இளகின மனசுக்காரங்க, இவனைக் காப்பாத்தப் பேசறாங்க."

பெர்னடெட் அவரைப் பார்த்தாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"நீங்களும் சாப்பிட்டீங்களே சார். கோப்பு அறையில. கதவைச் சாத்திக்கிட்டு. நாலு."

"நாலா?" என்றார் நீதிபதி. மற்றதெல்லாம் மறந்துபோய் அவர் குரலில் கொஞ்சம் பொறாமை எட்டிப் பார்த்தது. "அப்போ சோதிச்சுப் பார்த்துடலாமே. ஓஸ்ட்ரம், கோப்பையை எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஐயா!"

"போங்க. விதிப்படி ஒருத்தர் கூட நின்னு பார்க்கணும், தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? அந்த விதியை எழுதியவரே அவர்தான். அவரே பயிற்சி கொடுத்த இளம் அதிகாரி கூடப் போனான். கழிவறைக் கதவுக்கு வெளியே வரை அவன் குரல் கேட்டது. "கையைத் தூக்கிக் காட்டுங்க சார். பாக்கெட்டை வெளியே இழுங்க சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார்."

நேரம் போனது. ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். இன்னும் தண்ணீர் கொடுத்தார்கள். நடைவழியில் பச்சைக்காரர்கள் கூடிவிட்டார்கள். அனுபவஸ்தர்கள் இல்லையா? கதவு வழியாக ஆளுக்கு ஒரு யோசனை.

"குழாயைத் திறந்துவிடுங்க சார்!"

"நயாகரா போயிருக்கீங்களா சார்? கண்ணை மூடி நினைச்சுக்கங்க!"

"அவன் பார்க்கறான்னு நினைக்காதீங்க சார். அவன் ஒரு செடின்னு நினைச்சுக்கங்க!"

கடைசியில் கதவு திறந்தது. ஓஸ்ட்ரம் கோப்பையோடு வந்தார். நீதிபதி முதற்கொண்டு எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அபினுக்கு நேரே கோடு வரவே இல்லை.

ஓஸ்ட்ரம் மெதுவாகப் போய், கீழ்த்தளத்து பெஞ்சில், சுவரொட்டிக்குக் கீழே உட்கார்ந்தார். தன் கோப்பையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து "நான் தொடல சார்" என்று அவரிடம் கதறியிருப்பார்கள்!

லோனி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தோளைத் தட்டினான்.

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும் சார். பழகிடும்."

லோனி அன்று மதியமே விடுதலையானான். அலுவலகத்தை விட்டு ஓடும்போது ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றி பெஞ்சில் எறிந்துவிட்டுப் போனான். மற்றப் பச்சைக்காரர்களைத் திங்கட்கிழமை மறுபடி சோதிப்பது என்று முடிவாயிற்று, அதுவரை ரொட்டி கூடாது என்ற கட்டளையோடு.

பெர்னடெட் கோட்டை மாட்டிக்கொண்டு ஓஸ்ட்ரத்தின் மேசை முன்னால் நின்றாள். "சொல்லுங்க சார். தோல்விதானே?"

"விதி விதிதான். நம்ம ஆளுங்களுக்குச் சாப்பாடு குடுத்தீங்க. உங்களை வேலையை விட்டு எடுத்தாகணும்." அவர் தொலைபேசியை எடுத்து மேலதிகாரிகளிடம் பேசினார். கேட்டார். மறுபடி கேட்டார். வைத்தார். "எடுக்க முடியாதாம்."

"ஏன் சார்?"

"உங்களுக்கு வேலையே குடுக்கலையாம். சம்பளம் இருந்தா வெட்டலாம். பதவி இருந்தா இறக்கலாம். உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. எதைப் பறிக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியல."

ஓஸ்ட்ரத்தின் கண் பெஞ்சில் கிடந்த மேலங்கியில் விழுந்தது.

"விதியை மீறினவங்களுக்கு நான் வழக்கமா குடுக்கறது சமூக சேவை. பருவம் முடியற வரைக்கும் இந்த ஆபீஸ்ல சேவை செய்யணும். நிறத் தொலைபேசி, பெயர்ச்சீட்டு, எல்லாம்."

"அது நான் இப்ப செய்யறதுதானே சார்? என்ன வித்தியாசம்?"

"மேலங்கி" என்றார் ஓஸ்ட்ரம்.

அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். லோனியின் வியர்வை வாடை அடித்தது. ஓஸ்ட்ரம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, மீசைக்குள்ளேயே சொன்னார்: "ஜட்ஜ் முன்னாடி உண்மையைச் சொல்றதை இருபது வருஷத்துல இந்த ஆபீஸ்லேருந்து யாரும் செஞ்சதில்ல. என்னையும் சேர்த்து. பருவக் கடைசியில காலேஜ்லேருந்து கேட்பாங்க. ஒரு வார்த்தைதான் சொல்லணும். எந்த வார்த்தைன்னு எனக்கு இப்பவே தெரியும். போங்க, அழாதீங்க, இங்கே அழக் கூடாதுன்னு விதி போட்டுருவேன்."

அழாமல் எப்படி? வீடு வரை அழுதுகொண்டேதான் ஓட்டினாள். ஆரஞ்சு மேலங்கியோடு கதவைத் திறந்தாள். ரூடி பச்சைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். முகத்தில் கலவரம்.

"என்ன பெர்னி, ஆரஞ்சா? லைன்ல நீ ஆரஞ்சு சொன்னதே இல்லையே! எங்கிட்ட ஆரஞ்சு சட்டை இல்லையே!"

பெர்னடெட் கைப்பையைக் கீழே போட்டாள். பச்சைச் சட்டை. இன்றைக்குப் பச்சை. மஞ்சள், நீலம், கத்தரிப்பூ…

"ரூடி! நீயா தினமும் அந்த நம்பருக்குப் போன் பண்றே?"

"காலையில நீ கிளம்பிப் போயிடறே. வீடு வெறிச்சுன்னு கிடக்கு." ரூடி தரையைப் பார்த்தான். "சம்பளம்தான் குடுக்க மாட்டேங்கறாங்க. உன் குரலைக் கேட்கவாவது நாலு பேர் வேணாமா? ஆலைப் பசங்க கிட்டயும் நம்பரைக் குடுத்திருக்கேன். எல்லாரும் கேட்கறோம். நீ சொல்ற நிறத்துல சட்டை போட்டுக்கறோம்."

அவள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

"விடு, விடு, சட்டை கசங்குது" என்றான் ரூடி. "சாப்பிட ஏதாவது இருக்கா? முந்தாநாள் ராத்திரி அத்தனை பன் சுட்டியே, எனக்கு ஒண்ணு வெச்சியா?"

"வெச்சிருக்கேன்" என்றாள். அப்புறம் என்னவோ நினைத்துக்கொண்டு, அவனைத் தள்ளி நிறுத்திக் கேட்டாள்: "திங்கட்கிழமை உனக்கு எங்கேயும் சோதனை இல்லையே?"